கருமணலும் காவிக்கல்லும்: உறங்கிய கடிகாரத்துக்கு ஒரு முகம்

நாகர்கோவில் மணிமேடைக்குப் பக்கத்தில் ஒரு வாட்ச் கடை. கடை என்றால் ஒரு கண்ணாடி மேசை, அதன் பின்னால் ஓர் அண்ணாச்சி, அவ்வளவுதான். என் பாட்டாவின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தை அவரிடம் கொண்டுபோனேன். பாட்டா போனபிறகு இருபது வருஷம் அது பீரோவுக்குள் கிடந்தது. சாவி கொடுத்தால் நாலைந்து துடிப்பு துடித்துவிட்டு நின்றுவிடும். அண்ணாச்சி பின்மூடியைத் திறந்து, ஒற்றைக்கண் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தார். பிறகு சொன்னார்: "சாவல்ல மக்களே. உறங்கிக் கெடக்கு. எண்ணெ காஞ்சு பிசினாட்டு ஆயிட்டு."

கடிகாரப் பெயர்களும் இப்படி உறங்குவதுண்டு. ஜெர்மனியில் 1845-இல் தொடங்கிய லாங்கே நிறுவனம் 1948-இல் அரசுடைமையானது, பெயரே மறைந்துபோனது. 1990-இல் நிறுவனரின் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே அதை மறுபடி பதிவு செய்தார். 1994-இல் புதிய கடிகாரங்கள் வெளிவந்தன. 1735-ஐத் தன் தொடக்கமாகச் சொல்லும் சுவிட்சர்லாந்தின் பிளாங்பாங், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்களின் அலையில் ஒடுங்கி, 1983-இல் மீண்டும் எழுந்தது. தலைமுறை கடந்து எழுப்பும்போது பழைய பட்டறையும் பழைய கைகளும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அப்படியானால் திரும்பி வருவது எது?

துடிப்பை யாரும் உயிர்ப்பிக்க வேண்டியதில்லை. அது எந்தப் பெயருக்கும் சொந்தமில்லாத இயற்பியல், ஒருநாளும் சாகவில்லை. புதிதாக உண்டாக்க வேண்டியது முகம், அதாவது டயல். அந்த முகத்தை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது, துடிப்பில் உள்ள அளவுக்கு அறிவியல் அதிலும் இருக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் துடிப்பு. சாவி கொடுக்கும்போது பட்டை வடிவ எஃகுச் சுருள் ஒன்று இறுகுகிறது. அதைப் பேச்சிப்பாறை அணை என்று நினைத்துக்கொள்ளுங்கள். தேக்கிவைத்த சக்தி அங்கே இருக்கிறது. அணையை உடைத்துவிட்டால் வெள்ளம். மடை வழியாக அளந்து விட்டால் பாசனம். கடிகாரத்தின் மடை, நங்கூரம் போன்ற சிறு கவை. அது ஒரு பல்சக்கரத்தை நிறுத்தி நிறுத்தி, ஒரு நேரத்துக்கு ஒரு பல்லை மட்டும் விடுகிறது. 'டிக்' என்று நம் காதில் விழுவது அந்தக் கவை பல்லில் மோதும் ஓசை.

மடையை எப்போது திறப்பது என்று சொல்வது யார்? முடியிழை போன்ற மெல்லிய சுருள்வில்லோடு இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் சக்கரம். இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் வில்லுப்பாட்டு போதும். வீசுகோலால் வில்லின் நாணை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தட்டினாலும் ஓசையின் அளவுதான் மாறும். சுருதி கிட்டத்தட்ட அதேதான். பேலன்ஸ் சக்கரமும் அப்படி: பெரிதாக ஆடினாலும் சிறிதாக ஆடினாலும் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. காலையில் முழுச்சாவியோடு இருக்கும்போதும் ராத்திரி சாவி தளர்ந்தபோதும் நேரம் பிசகாமல் இருப்பது இதனால்தான். 1675-இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் இந்தச் சுருள்வில்லைப் புகுத்திய பிறகுதான் சட்டைப்பையில் வைக்கும் கடிகாரத்தை நிமிடக் கணக்கில் நம்ப முடிந்தது.

ஜனதா விநாடிக்கு 5 முறை துடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு. நாளொன்றுக்கு 30 விநாடி பிசகினால்கூட பிழை வெறும் 0.035 சதவீதம். சேவல் ஒன்று நேரம் தவறிக் கூவியதால் சுசீந்திரத்து மாப்பிள்ளை சிவபெருமான் வழுக்கம்பாறையோடு திரும்பிப்போனார், குமரியம்மன் கல்யாணம் நின்றுபோனது என்று கதை சொல்லும் மாவட்டம் இது. நேரப் பிழையின் அருமை நமக்குத் தெரியும்.

அப்புறம் ஏன் ஜனதா நின்றது? உராய்வு. அச்சுகளின் நுனி சுழலும் இடங்களில் சிவப்புக் கற்கள் பதித்திருக்கும். டயலில் '17 ஜூவல்ஸ்' என்று எழுதியிருப்பது அதைத்தான். அவை செயற்கை மாணிக்கம்: அலுமினிய ஆக்சைடில் துளி குரோமியம். வைரத்துக்கு அடுத்த வரிசைக் கடினம் என்பதால் எஃகு நுனி அதைத் தேய்ப்பதில்லை. ஆனால் கல்லுக்கும் எஃகுக்கும் நடுவே உள்ள எண்ணெய்க்கு ஆயுள் குறைவு. காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் நடந்து அது பிசினாகிறது. போதாததற்கு நம் உப்புக்காற்று. மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்த கடிகாரம் கடற்கரை ஊரில் துருவைத் தேடிக்கொள்கிறது. அண்ணாச்சி செய்தது இதுதான்: முழுவதும் பிரித்து, கழுவி, ஊசிமுனையால் தொட்டுத்தொட்டு எண்ணெய் வைத்து, மறுபடி கோத்தார். மெஷின் எழுந்துகொண்டது.

இந்தத் துடிப்பை ஓரங்கட்டியது இன்னொரு துடிப்பு. 1969 டிசம்பர் 25-இல் ஜப்பானின் சைக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை பாதி பாதியாகக் குறைத்தால் சரியாக விநாடிக்கு ஒன்று. இந்தியாவில், சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., 1980-களில் ஓசூரிலிருந்து வந்த டைட்டனின் குவார்ட்ஸோடு போட்டிபோட முடியாமல் தளர்ந்தது. 2016-இல் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. எனக்கு அது ஒரு சாவுச் செய்தி போலத்தான் இருந்தது.

உறங்கும் பெயரை யாராவது எழுப்ப நினைத்தால் சட்டம் முழுக்கக் கதவடைக்கவில்லை. நம் நாட்டில் வணிகக்குறியை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 5 ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தாத குறியைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரவும் இடமுண்டு. மெஷினையும் வெளியே வாங்கிக்கொள்ளலாம். பெரிய பெரிய பெயர்களே அப்படி வாங்கியிருக்கின்றன. மிஞ்சுவது முகம்.

இங்கேதான் பலர் குறுக்குவழியில் போகிறார்கள். புகழ்பெற்ற ஓவியத்தை எடுத்து, சுருக்கி, டயலில் அச்சடித்துவிடுகிறார்கள். பழைய ஜனதாக்களின் டயலைச் சுரண்டிப் புதுப் படம் ஒட்டி விற்பதும் இந்த வகைதான். அது ஏன் ஒட்டாமல் நிற்கிறது என்பதற்குக் கண்ணின் கணக்கே பதில் சொல்லும். கால் மீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது நம் கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச்சிறிய இடைவெளி சுமார் 0.07 மில்லிமீட்டர். 30 மில்லிமீட்டர் டயலின் குறுக்கே சுமார் 400 கோடுகளுக்குத்தான் இடம். பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகைச் சுவரில் அனந்தசயன ஓவியம் இருக்கிறது. இரண்டு மீட்டர் அகலச் சுவரோவியம் ஒன்றை டயல் அளவுக்குச் சுருக்கினால் 5 மில்லிமீட்டர் தடித்த கோடுகூட கண் பிரித்தறியும் எல்லைக்கு வந்துவிடும். அதைவிட மெல்லிய ஆபரண வேலையெல்லாம் கலங்கிப்போகும். மேலே இரண்டு முட்கள் வேறு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே கலையைச் சுருக்காமல் வடித்தெடுக்க வேண்டும். 1947-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் நேதன் ஜார்ஜ் ஹார்விட் அதைச் செய்துகாட்டினார். கறுப்பு டயலில் எண்களையெல்லாம் நீக்கிவிட்டு, 12-இன் இடத்தில் உச்சிச் சூரியனாக ஒரே ஒரு பொன்புள்ளி. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1960-இல் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. மீண்டெழுந்த லாங்கே 1994-இல் வெளியிட்ட கடிகாரத்தின் பெரிய தேதிக்கட்டம், டிரெஸ்டன் ஓப்பரா அரங்கின் மேடைக்கு மேலிருக்கும் கடிகாரத்திலிருந்து வந்தது. அரங்கில் இருந்தவர்கள் தூரத்திலிருந்தே நேரம் படிக்கத் தோதாக, முள்ளே இல்லாமல் எண்களையே மாற்றிக் காட்டும் கடிகாரம் அது. அரங்கத்தின் படத்தை அச்சடிக்காமல் அரங்கக் கடிகாரத்தின் யோசனையை எடுத்துக்கொண்டார்கள். எழுப்புவது என்றால் இப்படி எழுப்ப வேண்டும்.

வடித்த வடிவத்துக்கு நிறம் வேண்டும். கேரள மரபுச் சுவரோவியத்தின் ஐந்து நிறங்களில் சிவப்பும் மஞ்சளும் காவிக்கல்லிலிருந்து, வெள்ளை சுண்ணாம்பிலிருந்து, கறுப்பு விளக்குக் கரியிலிருந்து, பச்சை நீலஅமரிச் சாற்றில் மஞ்சள் பிசின் கலந்து. இவற்றை எனாமல் டயலுக்குக் கொண்டுவர நினைத்தால் வேதியியல் குறுக்கே நிற்கும். எனாமல் என்பது கண்ணாடிப் பொடி. செப்புத் தகட்டில் தூவி 800 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்குவார்கள். அந்தச் சூட்டில் விளக்குக்கரி எரிந்துபோகும், நீலஅமரி சிதைந்துபோகும். பச்சைக்குச் செம்பு அல்லது குரோமிய ஆக்சைடுக்கும் நீலத்துக்குக் கோபால்ட்டுக்கும் போக வேண்டும். அந்த உலோக அயனிகள் கண்ணாடிக்குள்ளேயே சிறைப்பட்டுவிடுவதால் நிறம் வெயிலுக்கு வெளுப்பதில்லை.

இன்னொரு சிக்கல். ஆறும்போது செம்பு கண்ணாடியைவிட அதிகம் சுருங்கும். மேற்புறம் மட்டும் எனாமல் பூசினால் தகடு வளைந்து, கண்ணாடி விரியும். அதனால் யாரும் பார்க்காத பின்புறத்திலும் எனாமல் பூசி இழுவையைச் சமன் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சில்தான் கைவேலையின் நேர்மை இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

முட்களின் நீலத்தில் சாயமே இல்லை. எஃகை மெல்லச் சூடாக்கினால் மேலே ஆக்சைடு படலம் வளர்கிறது. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கலந்து சில நிறங்கள் அழிகின்றன, சில ஓங்குகின்றன. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரி பக்கத்தில் அடர்நீலம். ஒரு கணம் பிந்தினால் நீலம் வெளிறிவிடும். மழைநீரில் மிதக்கும் எண்ணெயில் வானவில் தெரிவதும் இதே விதிதான்.

வெள்ளை நம் மாவட்டத்து மண்ணிலேயே இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் கலந்துகிடக்கின்றன. கரிய இல்மனைட்டிலிருந்து கிடைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் உலகின் மிக வெண்மையான நிறமிகளில் ஒன்று. ஒளியை மிக வலுவாக வளைத்துச் சிதறடிப்பதால் மெல்லிய பூச்சே அடித்தளத்தை மறைத்துவிடும். சிர்க்கானிலிருந்து கடிகார உறைக்கான பீங்கான் செய்யலாம். பழைய காலக் கடிகாரங்களில் மாணிக்கத்துக்குப் பதில் கார்னெட் கற்களும் இருந்தன. இரவில் ஒளிரும் டயல் புள்ளிகளில் இருப்பது யுரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் துளித்துளியாகச் சேர்த்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட். பகலொளியின் சக்தியைப் படிகத்தின் பள்ளங்களில் பிடித்துவைத்து, இரவு முழுக்கச் சிறுகச் சிறுக விடும். அவ்விரண்டும் அருமண் தனிமங்கள்; மோனசைட்டும் அருமண் கனிமம்தான், ஆனால் அதில் சீரியம், லாந்தனம் போன்றவையே மிகுதி. அந்த மணலை அள்ளுவது பற்றிக் கடற்கரை ஊர்களில் இருக்கும் அச்சத்தையும் நான் மறக்கவில்லை. அது தனியே, நிதானமாகப் பேச வேண்டியது.

பாட்டாவின் டயல் வெயில்பட்டுப் பாலாடை நிறத்துக்கு வந்திருந்தது. புது டயல் போடட்டுமா என்று அண்ணாச்சி கேட்டார். வேண்டாம் என்றேன். முதல் வாரம் நாளுக்கு 40 விநாடி முந்தியது. மறுபடி கொண்டுபோனேன். சுருள்வில்லின் வேலைசெய்யும் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு நெம்பை அவர் ஊசிமுனையால் தொட்டார். நகர்ந்ததாகவே எனக்குத் தெரியவில்லை. நீளம் ஒரு மயிரிழை கூடினால் ஆட்டம் மெதுவாகும். இப்போது நாளுக்கு 12 விநாடி முந்துகிறது. காலையில் காப்பி குடிக்குமுன் சாவி கொடுத்துவிடுகிறேன், பாட்டா கொடுத்த அதே நேரத்துக்கு.