‘கே இண்டி ஃபிலிம்’: தமிழில் என்ன சொல்வது?

போன மாதம் ஒரு நண்பன் தன் குறும்படத்துக்குத் தமிழில் நாலு வரி அறிமுகம் எழுதித் தரச் சொன்னான். 14 நிமிடப் படம். சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, புளோக்குக் கீழ்த்தளம், ஒரு பேருந்து நிறுத்தம், அவ்வளவுதான் இடங்கள். இரண்டு பையன்கள், ஒருவனின் அம்மா, அவ்வளவுதான் ஆட்கள். ஆங்கிலத்தில் ‘கே இண்டி ஷார்ட்’ என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டான். அதையே ஏதோ ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வந்ததை எனக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டிருந்தான்: ‘ஓரினச்சேர்க்கை சுதந்திர குறும்படம்’. படம் முடிந்ததும் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பார்கள் போலிருந்தது. சரி உட்கார்ந்து பேசுவோம் என்று தேக்காவில் இரண்டு தே தாரிக்கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தோம், மூன்று சொல்லுக்கு மூன்று மணி நேரம் ஆனது.

முதலில் ‘கே’. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பல நூற்றாண்டுகளாக அதற்குக் களிப்பு, உற்சாகம், பளிச்சென்ற நிறம் என்றுதான் பொருள். 20ஆம் நூற்றாண்டில் ஆண்களை விரும்பும் ஆண்கள் தங்களுக்குள் புழங்கிய குழூஉக்குறியாகி, 1969இல் நியூயார்க்கில் ஸ்டோன்வால் மதுக்கடைக் கலவரத்துக்குப் பிறகு பொதுவெளிக்கு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அது அவர்களே எடுத்துக்கொண்ட பெயர், மருத்துவரோ போலீஸோ ஒட்டியது அல்ல. நேராகத் தமிழாக்கினால் மகிழ்வன் என்று வரும், இன்னும் அழகாக வேண்டுமென்றால் மகிழ்நன். ஆனால் மகிழ்நன் என்பவர் சங்கப் பாட்டில் ஏற்கெனவே குடியிருக்கிறார்: மருதத்துத் தலைவர், பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வாசலில் வந்து நின்று தோழியிடம் வாங்கிக்கட்டிக்கொள்பவர். அவரை இந்த வம்பில் இழுக்க வேண்டாம். ‘கே’ என்று அப்படியே எழுதலாமே என்றால், பேச்சில் யாருக்கும் குழப்பமில்லை, அச்சில்தான் சிக்கல். ‘கே படம்’ என்று பார்த்தால் கே. யாருடைய படம் என்று கேட்கத் தோன்றும். நம் எழுத்தில் அது முதலெழுத்தாகத்தான் கண்ணில் படுகிறது.

அடுத்து, செயலி கொடுத்த ‘ஓரினச்சேர்க்கை’. இது கே என்ற சொல்லுக்கு வந்த தமிழாக்கமே அல்ல, ஹோமோசெக்சுவல் என்பதற்கு வந்தது. அந்தச் சொல் 1869இல், கெர்ட்பெனி என்ற ஹங்கேரிய எழுத்தாளர் பிரஷ்யச் சட்டத்தை எதிர்த்து ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சிறுநூலில் அச்சேறியது. முன்பாதி கிரேக்கம், பின்பாதி லத்தீன். ‘ஹோமோ’ என்றால் மனிதன்தானே என்று சிலர் கேட்பார்கள், அது வேறு, லத்தீன் சொல். இங்கே உள்ளது கிரேக்க ‘ஹோமோஸ்’, ஒத்தது, ஒன்றேயானது என்று பொருள். அதை நம்மவர்கள் ‘ஓரினம்’ ஆக்கினார்கள், மிச்சத்தைச் ‘சேர்க்கை’ ஆக்கினார்கள். என்னைக் கேட்டால் இரண்டு பாதியிலும் கோளாறு.

சிங்கப்பூரில் பள்ளிக்குப் போன யாரிடமும் ‘இனம்’ என்று சொல்லிப் பாருங்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்றுதான் மனம் ஓடும். தினமும் காலையில் ‘இனம், மொழி, மதம்’ என்று உறுதிமொழி எடுத்தவர்கள் நாம். ஜூலை 21 வந்தால் இன நல்லிணக்க நாள், ஜிப்பா போட்டுக்கொண்டு போனவர்கள். வீடு வாங்க, விற்கப் போனால் 1989இலிருந்து இன ஒருங்கிணைப்புக் கொள்கை, எந்த புளோக்கில் எந்த இனத்தார் எத்தனை பேர் என்ற கணக்கு. இப்போது நண்பனின் படத்துக்கு வாருங்கள். ஒருவன் தமிழன், இன்னொருவன் சீனன். எங்கே இருக்கிறது ஓரினம்? வீவக கணக்கில் அது ஈரினம்!

பின்பாதி இன்னும் மோசம். சேர்க்கை என்பது செயல். நம் ஊர்ச் செய்திகளில் ‘ஓரினப்புணர்ச்சி’ என்றும் வரும், அதுவும் செயல்தான். ஏன் செயலுக்கு மட்டும் பெயர் வைத்தோம் என்று யோசித்தால், எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்தப் பேச்சு தமிழ்ச் செய்திக்குள் நுழைந்தது பெரும்பாலும் சட்டத்தின் வழியாக. குற்றவியல் சட்டத்தின் 377ஏ பிரிவு இங்கே 1938இல் வந்தது, ஆண்களுக்கிடையே நடக்கும் செயலைத்தான் அது குற்றமாக்கியது. சட்டத்துக்கு யார் யாரை நினைத்து ராத்திரி தூங்கவில்லை என்பதில் அக்கறை கிடையாது. 2022 நவம்பர் 29இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது, 2023 ஜனவரி 3இலிருந்து அது நடப்புக்கு வந்தது. பிரிவு போய்விட்டது, அதற்காகப் புழங்கிய சொல் மட்டும் இன்னும் போகவில்லை. ஆணும் பெண்ணும் காதலிக்கும் படத்தை ‘ஈரினச்சேர்க்கைப் படம்’ என்று யாராவது எழுதுவார்களா? எழுதினால் குடும்பத்தோடு யார் போவார்கள்?

ஆக, தேவைப்படுவது உணர்வைச் சொல்லும் சொல். அப்படித்தான் ‘தன்பாலீர்ப்பு’ வந்தது. சிலர் ‘தன்பாலின ஈர்ப்பு’ என்பார்கள், சிலர் ‘ஒருபாலீர்ப்பு’, சிலர் ‘தற்பால் விழைவு’. ஆளைக் குறிக்க நம்பி, அகனன் போன்ற சொற்களும் உண்டு. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் அங்கிருந்த இதே மாதிரியான 377ஆம் பிரிவு பற்றித் தீர்ப்பு சொன்ன பிறகு தமிழ்நாட்டு ஊடகங்களில் ‘ஈர்ப்பு’ வகையறா கூடுதலாகக் கண்ணில் படத் தொடங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் வலியுறுத்தியதன் பேரில், 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களுக்கு ஒரு பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. அதே ஆகஸ்டில்தான் இங்கே தேசிய தினப் பேரணியில் 377ஏ நீக்கப்படும் என்று அறிவித்தார்கள். தற்செயல்தான், ஆனாலும் ஒரே மாதத்தில் அங்கே சொல் மாறியதும் இங்கே சட்டம் மாறுவதாகச் சொன்னதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

தன்பால் என்ற சொல்லில் ஒரு குறும்பும் இருக்கிறது. ‘பால்’ என்றால் பகுப்பு, பிரிவு. ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று இலக்கணத்தில் ஐந்து. குறளில் அறத்துப்பால், பொருட்பால் என்பதும் அதே பால்தான். ஆனால் ‘பால்’ இடத்தையும் காட்டும், ‘என்பால் அன்பு கொண்டவர்’ என்கிறோம் இல்லையா. அப்படிப் படித்தால் ‘தன்பால் ஈர்ப்பு’ என்பது தன்னிடம் ஈர்ப்பது, அதாவது ஊரையே தன் பக்கம் இழுக்கிற ஆள்! நண்பன் இதைக் கேட்டதும் ‘அப்போ அது என் ஹீரோதான்’ என்றான். குழப்பம் வேண்டாம் என்பவர்கள் ‘தன்பாலின ஈர்ப்பு’ என்று எழுதுகிறார்கள், அதில் அர்த்தம் தெளிவு, ஆனால் வாயில் நீளமாக உருள்கிறது. நான் சேர்த்தெழுதி ‘தன்பாலீர்ப்பு’ என்றே வைத்துக்கொள்கிறேன். ல் என்ற மெய்யோடு ஈ வந்து சேருகிறது. பள்ளியில் புணர்ச்சி என்று ஆசிரியர் பலகையில் எழுதும்போது பின்வரிசையில் கிசுகிசுவென்று சிரித்தோமே, அதே புணர்ச்சிதான். இந்தச் சேர்க்கைக்கு நன்னூலில் உள்ள விதி: ‘உடன்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ (உடல் என்றால் இங்கே மெய்யெழுத்து). இயல்பே என்று பவணந்தியார் சொல்லிவிட்டார், அப்புறம் என்ன.

‘குயர்’ என்ற சொல்லை நண்பன் முதலில் கேட்கவில்லை, நான்தான் இழுத்தேன், ஏனென்றால் இந்த வகைப் படங்களின் வரலாறே அந்தச் சொல்லில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்கு விசித்திரம், ஒரு மாதிரி என்று பொருள். ஜெர்மன் ‘க்வேர்’, அதாவது குறுக்கே, சாய்வாக என்பதோடு அதற்கு உறவு இருக்கலாம் என்கிறார்கள். பிறகு அது வசைச்சொல்லாகி, 1980களின் கடைசியில் எய்ட்ஸ் சாவுகளுக்கு நடுவே கோபத்தோடு தெருவுக்கு வந்தவர்கள் அந்த வசையையே தங்கள் கொடியாக்கினார்கள். 1992இல் பி. ரூபி ரிச் என்ற திரை விமர்சகர், அப்போது சன்டான்ஸ் போன்ற விழாக்களில் வரிசையாக வந்துகொண்டிருந்த சின்ன பட்ஜெட் படங்களைப் பார்த்து ‘நியூ குயர் சினிமா’ என்று பெயர் வைத்தார். டாட் ஹேன்ஸ், கிரெக் அராக்கி, டெரெக் ஜார்மன் எல்லாம் அந்தக் கூட்டம். அதில் என்ன புதிது என்றால், எங்களைப் பார்த்துப் பரிதாபப்படுங்கள் என்று அந்தப் படங்கள் கெஞ்சவில்லை. பாத்திரங்கள் கொலைகூடச் செய்வார்கள், நல்ல பிள்ளையாக இருக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

தமிழில் இதற்குப் ‘பால்புதுமை’, ஆட்களுக்குப் ‘பால்புதுமையர்’ என்று புழங்குகிறது. மரியாதையான சொல், நான் மறுக்கவில்லை, ஆனால் அதில் வசை இருந்து திரும்பிய தழும்பு இல்லை. புதுமை என்பதும் உறுத்துகிறது, இது என்னவோ நேற்று வந்த விஷயம் மாதிரி. வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் கிட்டே வருவது ‘கோணல்’. கோணல் சினிமா! எனக்கு மிகவும் பிடித்துவிட்டது, நண்பன் மட்டும் ‘அம்மா அடிப்பாங்க’ என்று மறுத்துவிட்டான்.

இனி ‘இண்டி’, அதாவது இண்டிபெண்டன்ட், பெரிய ஸ்டூடியோவின் பணம் இல்லாமல் எடுப்பது. கே படமும் இண்டி படமும் ஏன் ஒட்டிப் பிறந்த மாதிரி வருகின்றன என்பதற்குக் காரணம் காசு. ஹாலிவுட்டில் 1934 முதல் 1961வரை ஹேஸ் தணிக்கை விதிகள் இந்த விஷயத்தைத் திரையில் காட்டவே விடவில்லை, விதி தளர்ந்த பிறகும் பெரிய ஸ்டூடியோக்கள் முதல் போடத் தயங்கின. எடுக்க நினைத்தவர்கள் கடன் வாங்கி, நண்பர்களை நடிக்க வைத்து எடுத்தார்கள். இங்கே திரையிடுவதிலும் ஒரு முடிச்சு. 2004இலிருந்து ஆர்21 என்று, 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமான ஒரு தரம் உண்டு, தன்பாலீர்ப்பே மையக் கருவாக இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கும், 377ஏ நீக்கத்தின்போதும் இந்த உயர் வயது வரம்பு தொடரும் என்றே சொன்னார்கள். அதனால் இப்படிப் படங்களுக்கு விழாக்களும் சின்ன அரங்குகளும்தான் கதி. 2014இல் கோல்டன் மைல் டவரில் திறந்து 2025இல் மூடப்பட்ட புரொஜெக்டர் என்ற அரங்கில் பலர் முதன்முதலாக இவற்றைப் பெரிய திரையில் பார்த்தார்கள். அந்த அரங்கு இல்லாதது எனக்கு இன்னும் குறைதான்.

சொல்லுக்கு வருவோம். ‘சுயாதீனத் திரைப்படம்’ என்பது சிற்றிதழ்களிலும் இலங்கைத் தமிழிலும் பழக்கமானது. சுய, ஆதீனம்: தன் பிடியில் இருப்பது. பொருள் கச்சிதம், ஆனால் நம்மில் பலருக்கு ‘புத்தி சுவாதீனம் இல்லாதவன்’ என்ற ஒரே இடத்தில்தான் அது அறிமுகம். ‘மாற்றுச் சினிமா’ நல்ல சொல், இங்கே மட்டும் ஆபத்து, மாற்று என்றதும் மாற்றுப்பாலினம் என்று படிப்பார்கள், படம் திருநர்களைப் பற்றியது என்று நினைத்துக்கொள்வார்கள். நான் சொன்னது ‘சுயேச்சை’. தேர்தலில் கட்சி இல்லாமல் நிற்பவரைச் சொல்வோமே, அதே சுயேச்சை. பிரித்தால் சுய இச்சை, தன் விருப்பம். கட்சிப் பணம் இல்லாமல் நிற்கிற படம், அதிலும் இச்சையைப் பற்றிய படம், இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? யீஷூனில் இருக்கும் என் சித்தியிடம் சோதித்துப் பார்த்தேன். ‘பாட்டு இருக்கா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். ‘அப்ப ஆர்ட் ஃபிலிம்னு சொல்லேன், எதுக்கு எலெக்‌ஷன்லாம்?’ என்றார்.

அறிமுகத்தில் காதல், காமம், அடையாளம் மூன்றும் வர வேண்டும் என்பது நண்பனின் கட்டளை. அடையாளம் என்றால் சிங்கப்பூரில் அட்டைதான், குடிமகனுக்கு இளஞ்சிவப்பு. தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆதரவாக ஹாங் லிம் பூங்காவில் 2009இல் தொடங்கிய பிங்க் டாட் கூட்டத்தின் நிறமும் அதுதான், கொடியின் சிவப்பும் வெள்ளையும் கலந்தால் வருவது. காதலுக்குச் சிக்கலே இல்லை. மலையாளத்தில் 2023இல் மம்மூட்டி தன்பாலீர்ப்புள்ளவராக நடித்து வந்த ‘காதல்’ படத்தின் தலைப்பை நாம் காதல் என்றே படித்தோம், அங்கே அதற்கு மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதி, உள்ளகம் என்று பொருள். இரண்டும் அந்தப் படத்துக்குப் பொருந்தியது. காமத்துக்குத்தான் நண்பன் நெளிந்தான், ‘ஆசை’ என்று மாற்றலாமா என்றான். குறளில் மூன்றில் ஒரு பால், 250 குறள், அந்தப் பெயரில்தான் நிற்கிறது, அங்கே காத்திருப்பு, ஊடல், கனவு, பசலை எல்லாம் காமம்தான். பின்னால் வந்தவர்கள் அந்தச் சொல்லைக் குறுக்கிவிட்டார்கள், அதற்காக நாமும் ஏன் விட வேண்டும்? போடு என்றேன். போட்டான்.

கடைசியில் அட்டையில் அச்சானது: ‘காதலும் காமமும் அடையாளமும் பற்றிய தன்பாலீர்ப்புச் சுயேச்சைக் குறும்படம்’. அட்டையின் அகலத்துக்கு இரண்டு வரி ஆகிவிட்டது.

முடியாமல் கிடப்பது சப்டைட்டில். முதல் காட்சியில் பையன் அம்மாவிடம் ‘ஒருத்தங்க இருக்காங்கம்மா’ என்கிறான். பலர்பாலை மரியாதைக்குப் போட்டால் ஆணா பெண்ணா என்று தெரியாது, தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இந்த ‘ங்க’வுக்குப் பின்னால் வருடக்கணக்காக ஒளிந்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவும் ‘அவங்க எங்க வேலை பாக்குறாங்க?’ என்று அதே போக்கில் போகிறார், தெரிந்து கேட்கிறாரா தெரியாமலா என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. 14ஆவது நிமிடத்தில், சோற்றுப் பானையை மூடிக்கொண்டே, திரும்பாமல், ‘அவன் சாப்பிட்டானா?’ என்கிறார். படம் அங்கே முடிகிறது. ஆங்கிலத்தில் முதல் காட்சிக்கு ‘ஹீ’ போட்டால் கதை அப்போதே உடைந்துவிடும், ‘ஷீ’ பொய், ‘தே’ என்றால் ஒளிக்கிறான் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நண்பன் அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்பியிருக்கிறான், நானும் இன்னும் நிரப்பவில்லை.