எந்த ஸ்கேனர் வாங்கலாம்? ஒரு மாவடு விளக்கம்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய போட்டோ இருக்கிறது. 2400 டிபிஐ ஸ்கேனர் ஒன்றும் 4800 டிபிஐ ஸ்கேனர் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். விலையில் பெரிய வித்தியாசமில்லை. பெரியதையே வாங்கிவிடலாமா?"

அந்த எண்ணை விடுங்கள், ஸ்கேனரைப் பக்கவாட்டில் பாருங்கள் என்று பதில் எழுதினேன். அவர் சொன்ன இரண்டுமே ஒல்லி ரகம். நம் வீட்டுப் படங்களுக்குக் குண்டு ரகம்தான் தோது.

டிபிஐ கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதுதான் அது. 3.5க்கு 5 அங்குலப் படத்தை 600இல் ஸ்கேன் செய்தால் 63 லட்சம் புள்ளிகள்; சுருக்காத கோப்பு சுமார் 19 எம்பி. அதையே 4800இல் செய்தால் 40 கோடிப் புள்ளிகள், 1.2 ஜிபி. காகிதப் பிரதியில் அவ்வளவு விவரம் கிடையாது. 300ஐத் தாண்டினாலே பெரும்பாலும் தாளின் சொரசொரப்பைத்தான் பெரிதாக்கிக்கொண்டிருப்போம். 600 தாராளம். நெகட்டிவ் அளவிலேயே பதித்த குட்டிக் காண்டாக்ட் பிரிண்ட் என்றால் 1200 வைக்கலாம். 2400க்கு மேல் தேவைப்படுவது நெகட்டிவுக்கு மட்டும். அதற்கு மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனர் வேண்டும்.

இப்போது ஒல்லி ரகம். இதன் நுட்பத்துக்கு சிஐஎஸ் என்று பெயர். கேனன் லைட் 300, எப்சன் வி39 எல்லாம் இந்தச் சாதி. உள்ளே ஏ4 தாளின் அகலம் முழுவதற்கும் ஒளியை உணரும் ஒரு பட்டை, உணரி. அதன்மேல் கண்ணாடிக் கம்பிகள், தீப்பெட்டிக்குள் குச்சிகளை நட்டு வைத்ததுபோல் நெருக்கமாக, வரிசையாக. ஒவ்வொன்றின் தடிமனும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இவைதான் லென்ஸ்.

எனக்குப் பித்துப் பிடிக்க வைக்கும் இடம் இதுதான். லென்ஸ் என்றால் வளைந்த பரப்பு வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் படித்தோம். இந்தக் கம்பிகளின் இரு முனையும் தட்டை. அப்படியானால் ஒளியை வளைப்பது எது?

மாவடுவை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பில் போட்ட மூன்றாம் நாள் ஜாடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தால் தோல் பக்கம் உப்புக் கரிக்கும், நடுவில் இன்னும் பச்சைத் துவர்ப்பாகவே இருக்கும். உப்பு வெளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். அந்தக் கண்ணாடிக் கம்பியையும் இப்படித்தான் ஊறப்போடுகிறார்கள், உருகிய உப்பில். விளிம்பிலிருக்கும் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட அணுக்கள்) வெளியேற, உப்பிலிருக்கும் அயனிகள் அந்த இடத்தில் உட்காருகின்றன. நடுப்பகுதிக்கு அந்த மாற்றம் அதிகம் எட்டுவதில்லை. விளைவு, நடுவில் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியின் வேகத்தைக் கண்ணாடி எவ்வளவு மட்டுப்படுத்துகிறது என்ற அளவு, அதிகம்; விளிம்பை நோக்கிச் சீராகக் குறைகிறது. ஜப்பானின் நிப்பான் ஷீட் கிளாஸும் என்ஈசியும் சேர்ந்து 1968இல் இதைக் கொண்டுவந்தன. ஊறுகாய் போட்ட கண்ணாடி!

இப்படிப்பட்ட கம்பிக்குள் நுழையும் ஒளி நேராகப் போகாது. சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் கானல் நீர் தெரிகிறதே, அங்கே ஒளி சூடான காற்றை விட்டு அடர்ந்த காற்றின் பக்கம் வளைகிறது. இங்கே அது எப்போதும் நடுவை நோக்கி வளையும். நடுவைத் தாண்டி மறுபக்கம் போகும். மறுபடி வளைந்து திரும்பும். சாரைப்பாம்பு போவதுபோல் நெளிந்து நெளிந்து போகும். கம்பியைச் சரியான நீளத்தில் வெட்டினால், எதிர்முனைக்கு அப்பால் தாளின் பிம்பம் தலைகீழாக இல்லாமல் நேராகவும், அதே அளவிலும் விழும்.

நேராக விழுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு கம்பியும் தாளில் ஒரு சிறு வட்டத்தைப் பார்க்கிறது. பக்கத்துக் கம்பியின் வட்டமும் அதன்மேல் படியும். தலைகீழாக விழுந்தால் அடுத்தடுத்த பிம்பங்கள் ஒன்றோடொன்று சேராது. நேராக விழுவதால், ஒரே புள்ளியைப் பார்த்த எல்லாக் கம்பிகளும் உணரியில் அதை ஒரே இடத்தில் கொண்டுபோய் வைக்கின்றன. ஆயிரம் துண்டாகப் பார்த்தும் தையல் தெரிவதில்லை.

ஆனால் இந்த ஒற்றுமை ஒரே ஒரு தூரத்தில்தான். தாள் ஒரு மில்லிமீட்டர் மேலே போனால் ஆளுக்கொரு இடத்தில் வைக்க ஆரம்பித்துவிடும். படம் மசமசவென்று ஆகும்.

குண்டு ரகத்துக்கு (எப்சன் வி600 போன்றவை) சிசிடி என்று பெயர். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் கண்டுபிடித்த, ஒளியை மின்சாரக் குறியாக்கும் சில்லு. 2009இல் இருவரும் நோபல் வாங்கினார்கள். ஸ்கேனருக்குள் இருப்பது விரல் நீளச் சில்லுதான். முழுத் தாளையும் அதற்குள் சுருக்க வேண்டுமென்றால் லென்ஸ் தள்ளி நிற்க வேண்டும். அதனால் ஒளியை முகம் பார்க்கும் கண்ணாடிகளில் மடித்து மடித்து ஏறக்குறைய ஓரடி தூரம் ஓட விடுகிறார்கள். அந்த மடிப்புகளுக்கு இடம் வேண்டியிருப்பதால்தான் பெட்டி குண்டாகிறது. ஓரடியில் இரண்டு மில்லிமீட்டர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? செய்தித்தாளை மூக்கருகே பிடித்தால் விரல்கடை நகர்த்தினாலும் எழுத்து கலங்கும். தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டு ஓரடி நகர்ந்ததற்காகக் கலங்காது.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு 15 செ.மீ. ஸ்கேலை ஸ்கேனரில் எண்கள் கீழே பார்க்க வைத்து, ஒரு முனைக்கு அடியில் அழிரப்பரைக் கொடுத்துச் சாய்த்து ஸ்கேன் செய்யுங்கள். சிஐஎஸ்ஸில் ஸ்கேனர் கண்ணாடியோடு ஒட்டிய ஓரிரு சென்டிமீட்டர் பளிச்சென்று இருக்கும். அப்புறம் எண்கள் கரைந்துபோகும். சிசிடியில் பாதி ஸ்கேலைத் தாண்டியும் படிக்க முடியும்.

ஆதார் அட்டையை ஸ்கேன் செய்ய ஒல்லியே போதும். டிரங்குப் பெட்டிப் படங்கள் அப்படியா? சுருண்டிருக்கும். தடித்த அட்டையில் ஒட்டி, ஓரத்தில் ஸ்டூடியோ பெயரை அழுத்தி எடுத்திருப்பார்கள். அட்டையே வில்லாக வளைந்திருக்கும். எல்லாவற்றையும்விட மோசம், சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படங்கள்.

படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் ஊதிப் பிசுபிசுக்கும், காய்ந்தால் கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைத்து, குங்குமம் வைத்து, நனைந்த மாலை போடும் வீட்டில் சட்டத்துக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்குமா? கல்லூரி நாளில் பாட்டியின் படத்தை நான் கெட்டிக்காரத்தனமாக உரித்தேன். இடது கன்னமும் ஒரு கண்ணும் கண்ணாடியோடு போய்விட்டன. அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

உரிக்கவே உரிக்காதீர்கள். மரச்சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியும் படமுமாக அப்படியே சிசிடி ஸ்கேனரில் கவிழ்த்துவிடலாம். சட்டக் கண்ணாடி வழக்கமாக இரண்டு மில்லிமீட்டர். தொட்டித் தண்ணீரில் கிடக்கும் காசு மேலெழும்பித் தெரிவதுபோல, அந்த இரண்டு மில்லிமீட்டரும் ஸ்கேனர் கண்ணுக்கு 1.3ஆகத்தான் தெரியும். சிசிடிக்கு அது பொருட்டே இல்லை. சிஐஎஸ்ஸுக்கு அதுவே அதிகம்.

தாத்தா படத்தை இப்படி எடுக்கப் போனபோது அத்தை தடுத்தார்: வெள்ளிக்கிழமை படத்தை இறக்கக்கூடாதாம். சனிக்கிழமை போனேன். அந்தப் படத்தில் தாத்தாவும் இரண்டு நண்பர்களும். மூன்று பேராக நின்று போட்டோ எடுத்தால் ஒருவர் போய்விடுவார் என்பார்களே? மூவருமே எண்பதைத் தாண்டித்தான் போனார்கள். ஜெலட்டினைக் கெடுப்பது கிழமையும் இல்லை, தலை எண்ணிக்கையும் இல்லை, ஈரம்தான்.

இன்னொரு ஆற்றாமையும் உண்டு. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களை ஊர் ஊராகத் தேடி எண்மப்படுத்திய முக்கியமான முயற்சி, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துடையது. பணம் வந்தது பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்திலிருந்து. நம் தாத்தா பாட்டிகளின் முகத்தைக் காப்பாற்ற லண்டனிலிருந்து காசு வர வேண்டியிருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு நூலகத்தில் ஒரு நல்ல சிசிடி ஸ்கேனரும் அதை இயக்கத் தெரிந்த ஓர் ஆளும் போதும் என்பது என் கட்சி. ஆளுக்கொரு ஸ்கேனர் வாங்கவே வேண்டியிருக்காது.

தாத்தா மறுபடி சுவரேறிவிட்டார். 600 டிபிஐயில் அவர் வேட்டிக் கரையும், பக்கத்து நண்பரின் சட்டைப் பையில் செருகிய பேனாவின் கிளிப்பும் தெரிகின்றன. அத்தை இப்போது உலர்ந்த துணியால்தான் துடைக்கிறார். குங்குமத்தை மட்டும் விடவில்லை.