சிலிக்குவா: நெற்றில் பிறந்த வெள்ளிக்காசு

இத்தாலியை ஆண்ட லொம்பார்டுகளின் வெள்ளிக்காசுகளைப் பற்றிப் படித்தால் கால் சிலிக்குவா, அரைக்கால் சிலிக்குவா என்று வந்துகொண்டே இருக்கும். முழு சிலிக்குவாவே என்னவென்று தெரியாதவர் அரைக்காலை எங்கே போய்த் தேடுவது?

இலத்தீனில் சிலிக்குவா என்றால் நெற்று. குறிப்பாக, மத்தியதரைக்கடல் ஓரத்துக் கரோப் மரத்தின் நெற்று. புளியங்காய்போல நீண்டு, முற்றினால் கறுத்துப்போகும். அதன் விதையின் பெயரால் பொன்னை நிறுத்தார்கள். உரோமரின் சொலிடஸ் பொற்காசில் 24இல் ஒரு பங்கு எடைதான் ஒரு சிலிக்குவா, ஏறத்தாழ 0.19 கிராம். கிரேக்கர் இதையே ‘கெராட்டியோன்’, அதாவது சின்னக் கொம்பு என்றார்கள். அந்தச் சொல் அரபி வழியாகச் சுற்றிவந்து நம் நகைக்கடையில் ‘காரட்’ என்று உட்கார்ந்திருக்கிறது. 24 காரட் தங்கத்தின் 24உம் அந்தப் பழைய கணக்குதான்.

சரி, பொன் எடை எப்படி வெள்ளிக்காசானது? அவ்வளவு பொன்னுக்கு ஈடான வெள்ளி என்ற கணக்கில். 568இல் இத்தாலிக்குள் வந்த லொம்பார்டுகளுக்குப் பொன்தான் முதன்மை. சொலிடஸில் மூன்றில் ஒரு பங்கான திரெமிஸ்ஸிஸை அடித்தார்கள். வெள்ளி சில்லறைக்கு. முதலில் பைசாந்திய (கிழக்கு உரோம) பேரரசரின் பெயரையே போட்டு, அவருடைய காசைப் பார்த்து அடித்தார்கள். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெர்க்டாரிட் அரசர் தம் பெயரெழுத்துகளைப் பின்னிப் பொறித்த குட்டிக் காசுகள் வந்தன. மெல்லியவை, விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவு. 774இல் பிராங்குகளின் அரசர் சார்லமேன் இந்த அரசைப் பிடித்தார். அப்புறம் பொற்காசு ஓய்ந்து, தெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசு வந்தது.

சிலிக்குவாவைத் தமிழில் என்ன சொல்வது? விதையால் பொன் நிறுத்த பழக்கம் நமக்கும் உண்டு என்பதால் ‘மஞ்சாடி’ என்று போடத் தோன்றும். ஆனால் மஞ்சாடி ஏறத்தாழ கால் கிராம்; கணக்கு உதைக்கும். வெறும் ‘வெள்ளிக்காசு’ என்றால் தெனாரியஸும் அதில் வந்து விழும். என் தேர்வு ‘நெற்றுக்காசு’; எடையைச் சொல்லும் இடத்தில் மட்டும் சிலிக்குவா என்றே விட்டுவிடலாம்.