சொல் விளக்கம்: ஹாட்கீ

பழைய விளையாட்டுக் கருவிகளின் வன்பொருளை இன்றைய கணினியில் மென்பொருளாகவே இயக்கிக் காட்டும் எமுலேட்டர்களில், ஒரே விசைப்பலகை இருவேறு தரப்புக்குப் பணிபுரிகிறது. 1997இல் முதன்முதலாக வெளிவந்த மேம் எமுலேட்டரில் 5 என்ற விசையை அழுத்தினால் ஆர்கேட் இயந்திரத்தில் காசு போட்டதாகவும், 1ஐ அழுத்தினால் ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னதாகவும் பொருள். இவ்விரண்டும் விளையாட்டுக்குள் செல்பவை. மேமின் பல பதிப்புகளில் இடைநிறுத்தத்துக்கு வைத்திருந்த 'பி' விசையோ விளையாட்டைச் சென்றடைவதே இல்லை. எமுலேட்டர் அதை இடைமறித்து, இயந்திரம் முழுவதையும் அப்படியே நிறுத்திவைக்கிறது. இப்படி எமுலேட்டருக்கே உரிய விசையைத்தான் ஹாட்கீ என்கிறோம்.

ஆங்கிலத்தில் 'ஹாட்' என்பது சூட்டை மட்டும் குறிப்பதன்று. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் கம்பியையும் அவ்வாறே சொல்வார்கள். ஒரு நேரத்தில் ஒரே நிரல் ஓடிய டாஸ் இயக்குதளத்தின் காலத்தில், நினைவகத்தில் தங்கிக் காத்திருக்கும் சிறு நிரல்கள் இருந்தன. போர்லண்ட் நிறுவனம் 1984இல் வெளியிட்ட சைட்கிக் அவற்றுள் பெயர்பெற்றது. கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் மேலேயே அது குறிப்பேட்டையும் கணிப்பானையும் திறந்து தரும். வேறொரு நிரல் விசைப்பலகையைத் தன்வசம் வைத்திருக்கும்போதும் உயிர்ப்போடு இருக்கும் விசை என்ற இப்பொருளே எமுலேட்டருக்கும் மிகச் சரியாகப் பொருந்துகிறது.

தமிழில் 'குறுக்குவிசை', 'சுருக்குவிசை' என்ற சொற்கள் வழக்கில் உள்ளன. உரை எழுதும் செயலியில் அவை போதுமானவை. அங்கே பட்டியைத் திறந்து தேடிச் செல்லும் நீண்ட வழியும் இருப்பதால், விசையைக் குறுக்குவழி என்பது பொருத்தமே. எமுலேட்டரிலோ, வேகமாக ஓட்டுவதற்கான விசையைப் பிடித்திருக்கும் வரை ஆட்டம் விரைவதும், பின்னோட்ட விசையைப் பிடித்திருக்கும் வரை காலம் பின்செல்வதும் எந்த நீண்ட வழியின் குறுக்கமும் அல்ல. 'சூடான விசை' என்ற நேர்பெயர்ப்பு எதையும் விளக்கவில்லை. ஆகவே 'ஏவல்விசை' என்ற சொல்லை நான் முன்வைக்கிறேன். நில், சேமி, மீள், விரை என்று இவ்விசைகள் சொல்லும் ஒவ்வொன்றும் நம் இலக்கணத்தில் ஏவல் வினையாகவே அமைவதும், விளையாட்டுக்குள் செல்லும் 'ஆட்டவிசை'யிலிருந்து இது தெளிவாகப் பிரிந்து நிற்பதும் அதற்கான காரணங்கள்.

இவ்விசைகளைப் பயனர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வசதியைத் 'தனிப்பயனாக்கம்' என்கிறோம். ஒரு செயலோடு ஒரு விசையை இணைப்பது 'விசைப் பிணைப்பு'. இவ்வசதி அலங்காரத்துக்காக வந்ததன்று. பிளேஸ்டேஷன் 2க்கான பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரில் இயல்பாக எஃப்1 ஆட்டத்தின் நிலையைச் சேமிக்கும், எஃப்3 அதை மீட்கும். கேம்கியூப், வீ கருவிகளுக்கான டால்ஃபினில் அதே எஃப்1 சேமித்த நிலையை மீட்கும், சேமிக்க ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். பல எமுலேட்டர்களை ஒரே இடைமுகத்தில் இயக்கும் ரெட்ரோஆர்க்கில் எஃப்1 பட்டியைத் திறக்க, எஃப்2 சேமிக்கிறது, எஃப்4 மீட்கிறது. முதலாவதில் பழகிய கை டால்ஃபினில் சேமிக்கும் எண்ணத்தோடு எஃப்1ஐ அழுத்தினால், முன்பு சேமித்த நிலைக்குப் பிந்தைய ஆட்டம் முழுவதும் ஒரு நொடியில் அழிந்து பழைய நிலை வந்து நிற்கும். மீட்டதை ரத்துசெய்ய டால்ஃபின் எஃப்12ஐ வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆயினும் எல்லா எமுலேட்டர்களிலும் சேமிப்பையும் மீட்பையும் ஒரே இரு விசைகளில் பிணைத்துவிடுவதும், அவ்விரண்டையும் அடுத்தடுத்து வைக்காதிருப்பதும் இன்னும் பாதுகாப்பானவை.

விளையாட்டுக் கருவிக்குப் பதிலாகக் கொமடோர் 64 போன்ற பழைய கணினியை இயக்கும்போது மோதல் கடுமையாகிறது. அதன் விசைப்பலகை முழுவதுமே ஆட்டவிசையாகிவிடுவதால், பெயர் தட்டச்சிடும்போது வரும் 'பி' எழுத்தே ஆட்டத்தை நிறுத்திவிடக்கூடும். இதற்காகவே ரெட்ரோஆர்க்கும் மேமும் ஸ்க்ரோல் லாக் விசையைத் தனியே ஒதுக்கியுள்ளன. அதை அழுத்தும் ஒவ்வொரு முறையும், விசைகள் பழைய கணினிக்குப் போவதும் ஏவல்விசைகள் திரும்புவதும் மாறிமாறி நிகழும்.

கையில் விசைப்பலகையே இல்லாமல் கேம்பேட் மட்டும் இருக்கும்போது பொத்தான்கள் போதாமல் போகின்றன. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் இயங்கும் எமுலேட்டர் தொகுப்பான ரெட்ரோபையில், செலக்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டை அழுத்தினால் ஆட்டத்தை விட்டு வெளியேறலாம். செலக்டோடு, கேம்பேடின் மேல்விளிம்பில் இருக்கும் வலத் தோள்பொத்தான் சேமிக்கும், இடத் தோள்பொத்தான் மீட்கும். செலக்டைப் பிடிக்காதபோது அதே பொத்தான்கள் விளையாட்டுக்கு உரியவை. ரெட்ரோஆர்க் அமைப்புகளில் 'ஹாட்கீ எனேபிள்' என்ற பெயரில் இருப்பது இதுவே; தமிழில் 'ஏவல் திறப்பு' எனலாம். இதற்குக் கேம்பேடின் ஒரு பொத்தானைப் பிணைத்துவிட்டால், அதைப் பிடித்திராதவரை கேம்பேடின் வேறெந்த ஏவல்விசையும் இயங்காது.