கல்லூரி காமெடிக் குறும்படம்: முதல் ஒரு நிமிடத்தில் கேமரா செய்ய வேண்டியது

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் எடுக்கும் காமெடிக் குறும்படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆரம்பிக்கின்றன. ட்ரோனில் வயல், பெரிய கோயில் விமானம், காலேஜ் கேட், ஸ்லோமோஷனில் ஷூ. பையன் எப்படிப்பட்டவன் என்பது மட்டும் தெரியவே தெரியாது. (பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அனுமதி வாங்காமல் அங்கே ட்ரோன் விட்டால் வம்புதான்.)

நல்ல தொடக்கம் என்பது ஏதாவது ஒரு விஷயத்தை மறைத்துவைத்து, அடுத்த ஷாட்டில் அவிழ்க்கும். 2004-ல் வந்த 'மீன் கேர்ள்ஸ்' (Mean Girls) என்ற ஆங்கிலப் படத்தில் அப்பாவும் அம்மாவும் கேமராவைப் பார்த்து, சின்னக் குழந்தையை முதல்நாள் பள்ளிக்கு அனுப்புவதுபோல் பேசுவார்கள். எதிர்ப்பக்கம் காட்டினால் 16 வயதுப் பெண். வசனத்தைவிட, கேமராவை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் சிரிப்பு.

இதையே இங்கே செய்யலாம். பாட்டியின் கை இட்லியைப் பிட்டு ஊட்டுகிறது, வாயைத் துடைக்கிறது, திருநீறு பூசுகிறது: மூன்று க்ளோசப். மேலுதடும் மோவாயும் ஃப்ரேமுக்குள் வரக் கூடாது. மீசையோ தாடியோ தெரிந்தால் குட்டு உடைந்தது. நாலாவது, மீசை வைத்த இரண்டாமாண்டு மாணவனின் வைட் ஷாட். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிக் (பேன்) காட்டாதீர்கள், சட்டென்று கட் பண்ணுங்கள். கட்டோடு இசையும் நிற்கட்டும். 2 வினாடி யாரும் அசையக் கூடாது. பார்ப்பவர் சிரிக்க அந்த இடம் வேண்டும்.

பெயர் போட ஃப்ரேமை உறையவைக்கிறீர்களா? வழக்கமான 1/50 வினாடி ஷட்டர் வேகத்தில் ஓடுகிறவன் முகம் கலங்கிவிடும். அந்த ஷாட்டை மட்டும் 1/250 வினாடியைவிட வேகமாக வைத்து எடுங்கள். எழுத்துக்கு ஒரு பக்கம் காலியிடம் விடுங்கள்.

பஸ் படியில் தொங்கும் ஹீரோ அறிமுகத்தை ஓடும் பஸ்ஸில் எடுக்கவே வேண்டாம். நிறுத்திய மினிபஸ் போதும். கேமராவைத் தாழ்வாக வைத்து வானம் மட்டும் தெரியவிடுங்கள். சக்கரமும் ரோடும் வேண்டாம். உள்ளே நாலு பேர் எடை மாற்றி மாற்றி நின்றால் வண்டி ஆடும். வெளியே ஒருவர் வேப்பங்கிளையை வெயிலுக்குக் குறுக்கே கொண்டுபோனால் முகத்தில் மர நிழல் ஓடும். கிளை எப்போதும் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்தான் போக வேண்டும். அப்படியே திருப்பிக் கொண்டுவந்தால் நிழல் பின்னோக்கி ஓடி ஏமாற்று தெரிந்துவிடும். கீழே இறக்கி, சுற்றிக் கொண்டுவாருங்கள். இடைவெளி ஒரே சீராகவும் இருக்கக் கூடாது, சாலையோர மரங்கள் அப்படி நிற்பதில்லை.

வகுப்பறை ஸ்லோமோஷனில் படம் மினுக்குவதற்குக் காரணம் மின்சாரம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய ட்யூப்லைட் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. வினாடிக்கு 120 ஃப்ரேமில் எடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெளிச்சம் வேறாக விழும். எடிட்டிங்கில் முழுசாகப் போகாது. லைட்டை அணைத்து, ஜன்னலோரம் பெஞ்சைத் திருப்பிப் போட்டு எடுங்கள். வெயில் நேராக விழுந்தால் வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டினால் போதும்.