டயர் விதிகள் உருவாகும் இடம்: ஐரோப்பாவில் கம்பெனிகள் எப்படிப் பேசுகின்றன, நீங்கள் எப்படிப் பார்க்கலாம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் கார் டயர், பிரான்சில் செய்ததானாலும் ஒரகடத்தில் செய்ததானாலும், அங்குள்ள விதிக்குக் கட்டுப்பட்டது. ஈரச் சாலையில் எவ்வளவு பிடிக்க வேண்டும், உருளும்போது எவ்வளவு எரிபொருளைத் தின்னலாம், எவ்வளவு சத்தம் போடலாம் என்று எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. இந்த அளவுகளை எழுதுபவர்களிடம் டயர் கம்பெனிகள் போய்ப் பேசுகின்றன. அது சட்டப்படி தப்பில்லை. ஆனால் யார், யாரிடம், எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதைப் பொதுமக்கள் பார்க்க வழி இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

வாகன மாசைக் கட்டுப்படுத்தும் யூரோ 7 என்ற ஒழுங்குவிதியை எடுத்துக்கொள்வோம். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2022 நவம்பரில் இதன் வரைவை வெளியிட்டது. நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளின் கவுன்சிலும் பேசி முடித்து, 2024-இல் சட்டமானது. பெரும்பாலும் புகைக்குழாயிலிருந்து வருவதையே அளந்துகொண்டிருந்த ஐரோப்பா, பிரேக்கிலிருந்து பறக்கும் துகளுக்கும் டயர் தேய்மானத்துக்கும் வரம்பு வைக்கத் தொடங்கியது இதில்தான். மின்சாரக் காருக்குப் புகைக்குழாய் இல்லை, டயர் இருக்கிறது. அதனால் இது காலத்தே வந்த விதி என்றே நினைக்கிறேன். கார் டயர்களுக்கு 2028-லிருந்தும், வேன் டயர்களுக்கு 2030-லிருந்தும், லாரி டயர்களுக்கு 2032-லிருந்தும் தேய்மான வரம்பு படிப்படியாக அமலுக்கு வரும்.

ஆனால் சட்டத்தில் அந்த வரம்பின் எண் இல்லை. அளக்கும் முறையும் எண்ணும் ஜெனீவாவில், ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் கீழ் இயங்கும் சத்தம் மற்றும் டயர் பணிக்குழுவில் முடிவாக வேண்டியவை. அங்கே முடிவு வராவிட்டால் ஐரோப்பிய ஆணையமே வைக்கும் என்று சட்டம் சொல்கிறது. கம்பெனிகளின் பொறியாளர்கள் வந்து உட்காருவது இந்த மாதிரிக் கூட்டங்களில்தான்.

2024-இல் அங்கே ஒப்புக்கொண்ட சோதனை முறைகளில் ஒன்றைப் பாருங்கள். சில கார்கள் ஒரே வழித்தடத்தில் ஒன்றாகச் சுமார் 8,000 கிலோமீட்டர் ஓடுகின்றன. ஒரு காரில் எல்லோருக்கும் பொதுவான ஒப்பீட்டு டயர், மற்றவற்றில் சோதிக்க வேண்டிய டயர்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் டயரைக் கழற்றி எடை போடுகிறார்கள். இடையில் குறைந்துபோன எடைதான் சாலையில் உதிர்ந்த ரப்பர். வெயில், மழை, சாலையின் சொரசொரப்பு எல்லாம் ஒப்பீட்டு டயரையும் அதேபோலத் தேய்க்கும் என்பதால், இரண்டையும் வகுத்துப் பார்த்தால் டயரின் உண்மைக் குணம் தெரிந்துவிடும். இன்னொரு முறையில் ஆய்வகத்துக்குள்ளேயே சுழலும் டிரம்மின் மேல் டயரை ஓட்டுகிறார்கள்.

இப்படிச் சோதித்துத் தரவு கொண்டுவர ஓட்டத்தடமும் ஆய்வகமும் வேண்டும். அவை யாரிடம் இருக்கின்றன? பெரிய கம்பெனிகளிடம். கண்காணிக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். கம்பெனி கேட்பதெல்லாம் மக்களுக்கு எதிரானது என்று சொல்லவில்லை. தேய்ந்த டயரும் ஈரச் சாலையில் பிடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என பிரெஞ்சு டயர் கம்பெனியான மிஷெலின் பல ஆண்டுகளாக வெளிப்படையாகக் கேட்டு வந்தது. புது டயரை மட்டும் சோதித்தால், டயரின் பள்ளங்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் 1.6 மில்லிமீட்டர் ஆழம் வரை ஓட்டாமல் மக்கள் முன்கூட்டியே மாற்றி வீணாக்குகிறார்கள் என்பது அதன் வாதம். தேய்ந்த டயருக்கான சோதனை 2024 ஜூலை முதல் புதிய வகைக் கார் டயர்களுக்குக் கட்டாயமானது. நீடித்து உழைக்கும் டயர் செய்யும் கம்பெனிக்கு அதில் லாபம் உண்டு, ஓட்டுநருக்கும் பாதுகாப்பு உண்டு. இரண்டும் ஒத்துப்போகும் இடம் எது, போகாத இடம் எது என்று பிரித்துப் பார்க்கத்தான் வெளிப்படைத்தன்மை வேண்டும்.

சரி, எங்கே பார்ப்பது? வெளிப்படைத்தன்மைப் பதிவேடு என்ற பொதுத் தளத்தில். ஆணையம், நாடாளுமன்றம், கவுன்சில் மூன்றும் 2021-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இப்போது நடக்கிறது. ஒரு கம்பெனியின் பெயரைத் தேடினால், விதி எழுதுபவர்களிடம் பேசும் வேலைக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவிடுகிறது, எத்தனை பேர் ஈடுபடுகிறார்கள், எந்தச் சட்ட வரைவுகளைக் குறிவைக்கிறது, எந்தச் சங்கங்களில் உறுப்பினர் என்பதெல்லாம் வரும். செலவு துல்லியமான தொகையாக இருக்காது, ஒரு வரம்புக்குள் காட்டப்பட்டிருக்கும். கம்பெனியின் பக்கத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். டயர் தொழிலின் பேச்சில் பெரும்பகுதி பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய டயர், ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தின் வழியாகவே போகிறது. ஹங்கேரியில் ஆலை வைத்திருக்கும் நம் அப்போலோ டயர்ஸும் அதில் உறுப்பினர். சங்கத்தின் பக்கத்தையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

ஆணையர்களும் அவர்களுடைய நெருங்கிய அதிகாரிகளும் இந்தப் பதிவேட்டில் பதிவு செய்யாதவர்களைச் சந்திக்கக் கூடாது. பதிவு செய்தவர்களைச் சந்தித்தால் இரண்டு வாரத்துக்குள் அந்த விவரத்தை வெளியிட வேண்டும். 2025 ஜனவரி முதல் இந்தக் கட்டாயம் பிரிவுத் தலைவர்கள் வரை இறங்கியிருக்கிறது. நல்ல மாற்றம் இது, ஏனென்றால் எண்களை எழுதுவது பெரும்பாலும் அந்த மட்டத்தில்தான். நாடாளுமன்ற உறுப்பினர்களும் 2023-லிருந்து தங்கள் சந்திப்புகளை வெளியிட வேண்டும். பதிவேட்டில் தப்பான தகவல் இருப்பதாகத் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம்.

பார்ப்பதோடு நிற்க வேண்டியதில்லை, கருத்தும் சொல்லலாம். ஆணையத்தின் கருத்துக்கேட்புத் தளத்தில் சட்ட முன்மொழிவுக்கு 8 வாரமும், டயர் அளவு மாதிரியான நுணுக்க விதிகளின் வரைவுக்கு 4 வாரமும் அவகாசம். வெளிநாட்டில் இருப்பவரும் எழுதலாம். ஆனால் ஒன்றியத்தின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றில் எழுத வேண்டும். 4 வாரம் சீக்கிரம் ஓடிவிடும், அதனால் தளத்தில் கணக்குத் தொடங்கி அறிவிப்பு வரும்படி வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம், ஒன்றியத்தில் வசிப்பவர்களுக்கு ஆவணம் கேட்கும் உரிமையும் உண்டு. டயர் கம்பெனியோடு நடந்த சந்திப்பின் குறிப்பைக் கேட்டு ஆணையத்துக்கு எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 15 வேலை நாளில் பதில் வர வேண்டும். மறுத்தால் 15 வேலை நாளுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் மறுத்தால் ஐரோப்பிய குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.