லக்கேஜ்: உடைமையா, சுமையா, பொதியா?

சென்னை விமான நிலையத்தில் தங்கம் பிடிபட்ட செய்தி தமிழ்நாட்டு நாளிதழில் வெளியாகும்போது, சுங்கத்துறையினர் பயணியின் ‘உடைமைகளை’ச் சோதனையிட்டதாக எழுதப்படுகிறது. அதே வகைச் செய்தி கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வந்து இலங்கைத் தமிழ் நாளிதழில் அச்சாகும்போது, தங்கம் ‘பயணப்பொதி’யில் மறைத்து வைக்கப்பட்டிருந்ததாக எழுதப்படுகிறது. பேச்சிலோ ‘லக்கேஜ்’ முந்திக்கொள்கிறது. விமான நிறுவன ஊழியர்களிடம் அது ‘பேக்கேஜ்’ ஆகிவிடுகிறது. விமானப் பயணம் எளிய குடும்பங்களுக்கும் பழக்கமாகிவிட்ட இக்காலத்தில், பயணச்சீட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் முறையீட்டுக் கடிதத்திலும் ஐயமின்றிப் பயன்படுத்தத்தக்க ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். அது ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது என்பதே என் துணிபு.

முதலில் ஆங்கிலச் சொற்களைப் பார்ப்போம். ‘லக்கேஜ்’ என்பது ‘லக்’ என்ற வினையிலிருந்து 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது. அவ்வினைக்குச் சிரமப்பட்டு இழுத்தல் என்பது பொருள். தலைமயிரைப் பிடித்து இழுப்பதைக் குறிக்கும் ஸ்காண்டிநேவியச் சொல்லோடு அதற்கு உறவு உண்டென்று கருதுகிறார்கள். ஆகவே லக்கேஜ் என்றால் இழுத்துக்கொண்டு செல்ல வேண்டியது. பெர்னார்ட் சாடோ என்னும் அமெரிக்கர் சக்கரம் வைத்த பெட்டிக்கு 1972-இல் காப்புரிமை பெற்ற பிறகு, வாரைப் பிடித்து இழுக்கும் அந்தப் பெட்டியில் சொல்லின் வேர்ப்பொருள் அப்படியே நிறைவேறியது. ‘பேக்கேஜ்’ இன்னும் மூத்தது. கட்டு, மூட்டை எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, படையோடு கூடவே செல்லும் தளவாடங்களையும் குறித்தது. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை என்றாலும், விமானப் போக்குவரத்துச் சட்டங்களும் ஒப்பந்தங்களும் பெரும்பாலும் ‘பேக்கேஜ்’ என்பதையே ஆள்கின்றன.

தமிழ்நாட்டில் ‘லக்கேஜ்’ வேரூன்றியது விமானத்தால் அன்று; இரயிலும் பேருந்துமே அதைப் பரப்பின. அரிசி மூட்டையோடு ஏறுகிறவரிடம் நடத்துநர் ‘லக்கேஜ் டிக்கெட்’ கேட்பது இன்றும் உள்ள வழக்கம். அதையே எழுத்தில் ‘சுமைக் கட்டணம்’ என்கிறோம். அதற்கு முன்னரும் உடன்வழக்காகவும் தமிழர் ‘மூட்டை முடிச்சு’ என்றும் ‘பெட்டி படுக்கை’ என்றும் சொல்லிவந்தனர். முன்னது துணியில் கட்டிய காலத்தையும், பின்னது தகரப் பெட்டியும் சுருட்டிக் கட்டிய படுக்கையுமாக இரயிலேறிய காலத்தையும் சேர்ந்தவை. இரண்டும் உயிருள்ள தொடர்கள்தாம். ஆயினும் விதிமுறையில் எழுதுவதற்கு உரிய துல்லியம் அவற்றுக்கு இல்லை.

ஒற்றைச் சொற்களுள் ‘சாமான்’ பாரசீகத்திலிருந்து வந்தது. வீட்டுப் பாத்திரம் முதல் மளிகை வரை எல்லாவற்றையும் குறித்துவிடுவதால் பயணத்துக்கென்று தனித்து நிற்பதில்லை. ‘சிப்பம்’ வணிகத்துக்கு உரியது. ஒரே அளவாகக் கட்டி அடுக்கப்படும் சரக்கையே அது நினைவூட்டும். ‘உடைமை’ கேட்பதற்கு இனிய தூய தமிழ்ச்சொல்தான். ஆனால் அது உரிமையைச் சொல்கிறதே ஒழிய எடுத்துச் செல்வதைச் சொல்லவில்லை. வீடும் நிலமும் உடைமை. கையில் கட்டிய கடிகாரமும் உடைமை. மேலும், “இது என்னுடையது அன்று, ஊரில் ஒருவர் கொடுத்தனுப்பியது” என்று பயணி சொல்லும் இடத்தில் ‘அவருடைய உடைமை’ என்று எழுதினால், எது வழக்கின் மையக் கேள்வியோ அதற்கு நாமே விடை சொல்லிவிட்டவர்கள் ஆகிறோம். செய்தியாளர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எஞ்சுவன சுமையும் பொதியும். ‘சுமை’ சுமப்பவரின் பக்கம் நின்று சொல்லும் சொல். அதில் பாரம்தான் முன்னே நிற்கும். ‘பொதி’ பொருளின் பக்கம் நின்று சொல்வது. பொதிதல் என்றால் மூடுதல், உள்ளடக்குதல், சுற்றிக் கட்டுதல். இலைக்குள் வைத்து மடித்ததும் பொதி, எருதின் முதுகில் ஏற்றியதும் பொதி. மலையாளத்தில் வாழையிலையில் கட்டிய சோற்றை இன்றும் ‘பொதிச்சோறு’ என்றே வழங்குகிறார்கள்.

பயணத்தோடும் சுங்கத்தோடும் இச்சொல்லுக்கு உள்ள உறவு மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைப் பாடும் பட்டினப்பாலை, கடலிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து கடலுக்கும் போகும் பண்டங்களில் சோழனின் புலிச்சின்னத்தைப் பொறித்து அனுப்பும் காட்சியைச் சொல்லி, அங்கே மலைபோல் குவிந்திருந்தவற்றைப் ‘பொதி மூடை’ என்கிறது. இந்த மூடைதான் நம் மூட்டை. சுங்கம் கொள்ளும் அதிகாரிகள், இலச்சினை பொறித்த கட்டுகள், அவற்றின் குவியல் என்று இன்றைய விமான நிலையத்தின் பின்கட்டில் காண்பவை யாவும் அந்தச் சில அடிகளில் இருக்கின்றன. ஆகவே ‘பயணப்பொதி’ என்பதை யாரோ புதிதாகச் செய்த கலைச்சொல்லாக எண்ணித் தயங்க வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர் அதை நாளும் எழுதிவருகின்றனர். தமிழ்நாட்டிலும் அது தடையின்றிப் புரியும்.

இனி, பொதுச்சொல் மட்டும் போதாது. விமானப் பயணத்தில் ஒரே பெட்டி இரு நிலைகளில் ஒன்றில் இருக்கிறது: நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது ஒன்று, பயணி தம்முடனேயே வைத்திருப்பது மற்றொன்று. இந்த வேறுபாடு சட்டத்தில் ஆழமானது. அனைத்துலகப் பயணத்துக்கான 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை (இந்தியா 2009-இல் இதில் இணைந்தது), நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது பொதி சேதமடைந்தால், பொதியின் இயல்பான குறையால் நேர்ந்தது நீங்கலாக, நிறுவனத்தின் பிழையை மெய்ப்பிக்காமலே இழப்பீடு கேட்கலாம் என்கிறது. பயணியின் கையில் இருந்ததற்கோ நிறுவனத்தின் பிழை இருந்தால்தான் பொறுப்பு. முன்னதை ‘ஒப்படைத்த பொதி’ என்றும், பின்னதைக் ‘கைப்பொதி’ என்றும் சொல்வது தகும். ஆங்கிலத்தின் ‘செக்டு பேக்கேஜ்’ என்பது ‘சரிபார்த்த பொதி’ என்று சில மொழிபெயர்ப்புகளில் வருவது பிழை. அங்கே நிகழ்வது சரிபார்ப்பு அன்று, ஒப்படைப்பு.

மூன்றாவது, வரம்பு மீறியது. இங்கே சுமை, பொதி இரண்டுமே வேண்டியிருக்கின்றன என்பதுதான் சுவையான செய்தி. விமான நிறுவனங்கள் வரம்பை இரு வகையாக விதிக்கின்றன. இந்தியாவின் உள்நாட்டுப் பயணத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் சாதாரண வகுப்புக்கு 15 கிலோ என்கின்றன. வளைகுடா நாடுகளுக்குப் போவோருக்கு 20, 30 கிலோ என்று இருக்கும். இது எடைமுறை: மொத்த எடைதான் கணக்கு. அமெரிக்காவுக்குச் செல்வோருக்கோ வழக்கமாகத் தலா 23 கிலோ கொண்ட 2 பெட்டிகள் என்று விதிப்பார்கள். இது உருப்படிமுறை. சலவைக்குப் போடும் துணியை எண்ணும் அதே ‘உருப்படி’ இங்கே மிகப் பொருந்துகிறது. இம்முறையில் ஒரு பெட்டி 26 கிலோவும் மற்றது 18 கிலோவும் இருந்தால், கூட்டினால் 44 கிலோதானே, 46-க்குக் குறைவுதானே என்று வாதிட முடியாது. முதல் பெட்டிக்குத் தனியே பணம் கேட்பார்கள். எடை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு பெட்டியிலிருந்து சாம்பார்ப் பொடியையும் எவர்சில்வர் பாத்திரத்தையும் உருவி மற்றொன்றில் திணிக்கும் குடும்பங்களைக் காண்கிறோமே, அவர்கள் செய்வது எடையைக் குறைப்பதன்று, உருப்படிகளைச் சமன்செய்வது. எனவே எடை மிகுந்தால் ‘கூடுதல் சுமை’, எண்ணிக்கை மிகுந்தால் ‘கூடுதல் பொதி’ என்று பிரித்துச் சொன்னால் கட்டணம் எதற்கு என்பது சொல்லிலேயே விளங்கிவிடும். எவ்வளவு பணம் கட்டினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்ற விதி, தூக்கி அடுக்கும் தொழிலாளரின் முதுகைக் காப்பதற்காக வந்தது. ‘சுமை’ என்ற சொல்லின் முழு உரிமையும் அவர்களுக்கே.

கைப்பொதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உள்நாட்டில் ஒரு பை, 7 கிலோ என்பது பரவலான அளவு. ‘பவர் பேங்க்’ ஒப்படைத்த பொதியில் போகக்கூடாது, கைப்பொதியில்தான் வர வேண்டும். சரக்கறையில் தீப்பற்றினால் கை எட்டாது என்பதே காரணம். கொப்பரைத் தேங்காய்க்கும் தடை உண்டு. எண்ணெய் மிகுந்த அது தானே சூடேறி எரியக்கூடிய பொருள்களின் உலகப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

தேங்காய் என்றதும் இருமுடியைக் குறிப்பிடாமல் போக முடியாது. சபரிமலைக்குச் செல்வோர் தலையில் ஏந்தும் இருமுடியில், நெய்த்தேங்காயும் பூசைப் பொருளும் முன்முடியில் இருக்கும். பயணிக்குத் தேவையானவை பின்முடியில் இருக்கும். தலையை விட்டு இறக்கி யாரிடமும் கொடுத்துவிட மனம் வராத அதை ‘ஒப்படைத்த பொதி’ ஆக்கச் சொல்வது அடியார்களுக்குப் பெருந்துன்பமாக இருந்தது. 2024 அக்டோபரில் இந்திய அரசு, பாதுகாப்புச் சோதனைகளுக்கு உட்பட்டு, இருமுடித் தேங்காயைக் கைப்பொதியில் கொண்டுசெல்ல 2025 ஜனவரி 20 வரை இசைவளித்தது. ஒப்படைப்பதற்கும் உடன்வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு வெறும் அலுவலக வேறுபாடு அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

பொதி என்ற சொல் உணவையும் விடாது பற்றிக்கொண்டே வருகிறது. பழந்தமிழர் பயணத்தில் முதன்மையான பொதியே வழிச்சோறுதான். நாலடியார் அதைத் ‘தோட்கோப்பு’ என்கிறது. தோளில் தொங்கவிட்டுச் செல்வது. பழமொழி நானூறு ‘ஆற்றுணா’ என்கிறது. ஆறு இங்கே வழி. பசித்துக் களைத்த அப்பருக்குத் திருப்பைஞ்ஞீலி வழியில் இறைவன் அளித்ததாகப் பெரியபுராணம் சொல்வது பொதிசோறு. விமானத்தின் முதல் உணவும் பொதிசோறாகவே தொடங்கியது: 1919-இல் லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே பறந்த ஹேண்ட்லி பேஜ் நிறுவனம் பெட்டியில் அடைத்த உணவை 3 ஷில்லிங்குக்கு விற்றது. விமானத்தில் தரப்படும் உணவை ‘வானூர்தி உணவு’ என்று நீட்டுவதைவிட ‘ஆற்றுணா’ என்பதை மீட்டெடுக்கலாம் என்பது என் விருப்பம். வழக்கில் வருமா என்பது மக்கள் கையில். சைவ உணவு உண்போர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. முன்பதிவில் ‘இந்து உணவு’ என்ற குறியீட்டைத் தேர்ந்தால் மாட்டிறைச்சி வராது, அவ்வளவுதான். கோழியோ மீனோ ஆட்டிறைச்சியோ வரலாம். மரக்கறி உணவு மட்டும் வேண்டுவோர் ‘ஆசிய சைவ உணவு’ என்பதைத் தேர வேண்டும்.

பெட்டியில் ஒட்டும் தாளையும், அதன் கிழித்த பகுதியாக நம் கையில் தருவதையும் ‘பொதிச்சீட்டு’ எனலாம். சென்னைக்கு வரும் பொதியின் சீட்டில் ‘எம்ஏஏ’ என்ற 3 எழுத்துகள் இருக்கும். ஊர்ப்பெயர் மாறினாலும் மெட்ராஸ் அங்கே மாறவில்லை. பொதி தொலைந்தாலோ சேதமடைந்தாலோ இந்தச் சீட்டே சான்று. அனைத்துலகப் பயணத்தில் ஒப்படைத்த பொதி சேதமாகியிருந்தால் பெற்றுக்கொண்ட 7 நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் கைக்கு வந்த 21 நாள்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். 21 நாளாகியும் வராத பொதியைத் தொலைந்ததாகக் கருதி உரிமை கோரலாம். இழப்பீட்டின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், பயணி ஒருவருக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை. இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அதைவிட விலை மிகுந்தவை உள்ளே இருந்தால், ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, நிறுவனம் கேட்கும் கூடுதல் தொகையைக் கட்டிவிட வேண்டும்.